எட்டாம் நம்பர்காரி

நான் பிறந்தது இருபத்தாறாம் தேதி. இரண்டையும் ஆறையும் கூட்டினால் எட்டு. எட்டு என்றால் சனி. ஸ்கூட்டர் வாங்கினாலே நம்பரைக் கூட்டிப் பார்க்கிற ஊர் தென்காசி, பெண்ணை விடுவார்களா? வந்த வரன்களெல்லாம் தேதியைக் கேட்டதும் நடையைக் கட்டின. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற எனக்கு, அவர்கள் ஓட ஓட எட்டின் மேல் பிரியம்தான் கூடியது.

எட்டு என்ன லேசுப்பட்ட எண்ணா? மூன்று முதல் எந்த ஒற்றைப்படை எண்ணை எடுத்தாலும் சரி, அதை அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கழித்தால் மிச்சம் எட்டால் மீதியில்லாமல் வகுபடும். ஒன்றைத் தாண்டிவிட்டால், ஒரு கனமும் ஒரு வர்க்கமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது எட்டிலும் ஒன்பதிலும் மட்டும்தான். இதையெல்லாம் ஜோசியரிடம் போய்ச் சொல்ல முடியுமா!

போன குற்றாலச் சாரல் சமயம் பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையோடு போனில் பேசியிருந்தேன். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்? பெண் பார்க்க வருகிற சாக்கில் குடும்பமே ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து இறங்கியது.

பஜ்ஜி தீர்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா விஷயத்துக்கு வந்தார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"எட்டு பெருக்கப் பெருக்கத் தேயும்மா. எட்டு, பதினாறு, இருபத்துநாலு. கூட்டிப் பாரு. எட்டு, ஏழு, ஆறு. இப்படியே அறுபத்துநாலுல ஒண்ணா நிக்கும். குடும்பமும் அப்படித்தான தேயும்? பேருல ஒரு எழுத்தச் சேத்துட்டா சரியாப் போவும்."

எட்டைப் பழிக்கிற எல்லோரும் செய்கிற பிழை இது. வாய்ப்பாட்டை எட்டெட்டோடு நிறுத்திவிடுவார்கள்.

"ஏன் மாமா அங்கன நிறுத்திட்டிய? எட்டொம்பது எழுபத்திரண்டு. கூட்டுனா ஒம்பது. அதுக்கு மேல உண்டா?"

"பெறவும் தேயத்தான செய்யுது."

"எட்டு தேயல மாமா. எட்டக் கூட்டுதோம்னா பத்தக் கூட்டி ரெண்ட எடுக்கோம். பத்தாம் இடத்துல ஒண்ணு ஏறுது, கடைசி இடத்துல ரெண்டு இறங்குது. ஆக ஒண்ணு கொறையுது. பத்து விரல வச்சு எண்ணுதோம்லா, அதால வந்த வினை. நமக்கு எட்டு விரல் இருந்தா எட்டுக்குத்தான் மாலை போட்டிருப்போம்."

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் அம்மா.

"பிள்ள டீச்சர்லா அண்ணாச்சி, அதான் பேசுதா" என்று அப்பா சமாளித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா கோபப்படவில்லை. "கணக்கெல்லாம் சரிதாம்மா. பேர மட்டும் மாத்திக்கோ. ஒத்த எழுத்துதான?"

ஒற்றை எழுத்துதான். அதைச் சேர்த்தால், போகிற வீட்டைத் தேய்க்கப் பிறந்தவள் நான் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க என்ன சொல்லுதிய?"

அவர் காபி டம்ளரைப் பார்த்தார். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனில் கேட்ட அதே மென்மையான குரல்.

"அப்ப எனக்கு வேண்டாம்" என்றேன்.

கார் தெருமுனையைத் தாண்டியதும் அம்மா அழத் தொடங்கினாள். "பாழாப்போன எட்டு இந்த வரனையும் கெடுத்துட்டு பாத்தியா."

"எட்டு ஒண்ணும் செய்யலம்மா. வேண்டாம்னு சொன்னது நான்."