நாட்டு மருந்துக் கடைக்காரனுக்கு இங்கிலீஷ் மருந்து

கொரோனா ஓய்ந்து ஊர் பழையபடி ஆகிக்கொண்டிருந்த சமயம் அது. திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், கடுக்காய் என்று கூரை வரைக்கும் டப்பா அடுக்கிய கடை. கொரோனா காலத்தில் நிலவேம்பும் கபசுரக் குடிநீரும் வாங்கக் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. அதில் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. யார் என்ன நோய் சொன்னாலும், "நம்மகிட்ட இல்லாத மருந்தா?" என்பதுதான் என் பேச்சு.

வேர் மூட்டை இருக்கிற இடத்தில் எலி வராமல் இருக்காது. அதற்காகவே கடையில் ஒரு பூனை உண்டு. அது குட்டி போட்டிருந்தது. நன்னாரி மூட்டை மேல் தூங்கிய ஒரு குட்டியைத் தூக்கப்போனேன். குட்டித் துரைக்குக் கோபம் வந்து என் புறங்கையில் பிறாண்டிவிட்டார். கொஞ்சம் மஞ்சளை வைத்து அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

சில வாரத்தில் அந்தப் பக்கத்து அக்குளில் நெறி கட்டியது. சாயங்காலமானால் காய்ச்சல். மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கிய மாத்திரையை நாலைந்து நாள் போட்டேன். விட்டது. நானும் மாத்திரையை விட்டேன். காய்ச்சல் திரும்பி வந்தது. அப்புறம் நம் கைவசம்தான் கடையே இருக்கிறதே! ஒரு கஷாயம் கேட்காவிட்டால் இன்னொன்று என்று மாதக்கணக்கில் குடித்தேன். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனேன்.

என் மனைவி கெஞ்சினாள். "ஏங்க, ஒருவாட்டி பெரிய டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவோமே."

"நாட்டு மருந்து விக்கிறவன் இங்கிலீஷ் ஆஸ்பத்திரில போயி உக்காந்தா, நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்?" என்று வள்ளென்று விழுந்தேன். உண்மையிலேயே அதுதான் என் பயம். நோயைவிட, யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்பதுதான் பெரிதாக இருந்தது.

எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சித்த மருத்துவர் இருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். நான் டாக்டரம்மா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அவர் எழுதித் தருகிற சரக்குக்கெல்லாம் நோயாளிகள் என் கடைக்குத்தான் வருவார்கள். கடுக்காய் தரமாக இருக்கிறதா என்று அவரே வந்து ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுப் போவார். அவ்வளவு கறார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஸ்கூட்டரில் வந்தார். அவர் கேட்ட டப்பா மேல்தட்டில் இருந்தது. ஏணியில் பாதி ஏறியதும் மூச்சு முட்டி, இறங்கவும் முடியாமல் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, எம்புட்டு நாளா இப்பிடி?"

"ஏறி இறங்குனா மூச்சு வாங்கத்தான செய்யும் டாக்டரம்மா."

அவர் என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, நாடி பார்த்தார். பிறகு பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து என் நெஞ்சில் வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. முகம் மாறிவிட்டது. "காய்ச்சல் இருக்கு. இருதயத்துல சத்தமும் சரியில்ல. இது நான் கஷாயம் எழுதிக் குடுக்குற நோய் இல்லண்ணே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூனை பிறாண்டிய கதையைச் சொல்லி, செல்போனை எடுத்து நீட்டினேன். பூனை நகத்தால் பார்டொனெல்லா என்று ஒரு கிருமி தொற்றும், அது சிலருக்கு நாள்பட்டு நிற்கும் என்று நானே தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வெளிநாட்டில் சில மூலிகைச் சாறு அந்தக் கிருமியைக் கொன்றிருக்கிறது என்றும் போட்டிருந்தது. அந்த மூலிகை ஒன்றுகூட என் கடையில் இல்லை. இருந்தாலும் என்ன, மூலிகை மூலிகைதானே என்று எனக்கு ஒரே பெருமை.

அவர் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படித்தார்.

"கண்ணாடிக் குழாய்ல வச்சுக் கொன்னுருக்காங்க. சரி. ஒங்க கிருமி குழாய்ல இல்லையே, ஒங்க ஒடம்புக்குள்ளல்ல இருக்கு? எம்புட்டுக் குடுக்கணும், எத்தன மாசம் குடுக்கணும், குடிச்சா ரத்தத்துல போய்ச் சேருமா, இதெல்லாம் மனுசங்களுக்குக் குடுத்து இன்னும் யாரும் ஒழுங்காப் பாக்கல. இங்கிலீஷ் மருந்துல அதையெல்லாம் பாத்து வச்சிருக்காங்க. நம்ம மருந்த நான் கொறச்சுச் சொல்லலண்ணே. அத நம்புறவ நான். அதனாலதான் அதால முடியாதத முடியும்னு சொல்ல மாட்டேன்."

ஊரே மூலிகை மூலிகை என்று தலையில் தூக்கிவைத்து ஆடிய நேரத்தில், அதையே பிழைப்பாகக் கொண்டவர் இப்படிச் சொல்கிறார். கடைசியில், மதுரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்று முனகினேன்.

"மதுரைன்னா இன்னும் நாலு நாளு யோசிப்பீங்க. இங்கயே போவோம், கிளம்புங்க. நானும் வாரேன்."

என் மனைவி வந்து கடையை அடைக்க, நானும் டாக்டரம்மாவும் ஆட்டோ பிடித்துப் போனோம். அது இருதய நோய் பார்க்கிற ஒரு டாக்டருடைய ஆஸ்பத்திரி. உள்ளே பெஞ்சு நிறையக் கூட்டம். நான் துண்டை முகத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா என் பக்கத்தில், எல்லோரையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார்.

பயந்தது போலவே நடந்தது. எதிர் பெஞ்சில் இருந்த பெரியவர் டாக்டரம்மாவிடம் மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கிறவர். என் கடையில் எண்ணெய் வாங்குகிறவர். "என்னம்மா, நீங்களே இங்க வந்துட்டீங்க!" என்றார் சத்தமாக. பெஞ்சு பூராவும் திரும்பிப் பார்த்தது.

அவருக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "ஆமாங்கய்யா. அண்ணனுக்கு இந்த டாக்டர் மருந்துதான் கேக்கும். கூட்டிட்டு வந்துருக்கேன்" என்றார், அதே சத்தத்தில்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் பிழைப்பு போய்விடும் என்றுதான் நான் முகத்தை மூடியிருந்தேன். போனால் அவருக்கும் அதே பிழைப்புத்தானே? எனக்காவது உடம்பு முடியவில்லை. அவருக்கு அங்கே வந்து உட்கார என்ன தலையெழுத்து? துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே இருந்த டாக்டர் அதிகம் பேசாதவர். பூனைக் கதையை ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். பிறாண்டிய அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவி ஊசி போட்டிருக்க வேண்டாமா என்று நன்றாக ஒரு டோஸ் விட்டார். வேறு என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டபோது நான் முழித்தேன். டாக்டரம்மா ஆட்டோவிலேயே என்னிடம் கறந்து வைத்திருந்ததை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. இப்பத்திக்கு எல்லாத்தையும் நிறுத்தட்டும், லிவர் தாங்கணும்" என்றார்.

எக்கோ எடுத்தார்கள். ரத்தம் வெளியூருக்குப் போய் முடிவு வந்தது. அதே கிருமிதான். பலருக்கு நெறி கட்டித் தானாக வடிந்துவிடுமாம். எனக்கு இருதய வால்வில் ஏற்கெனவே ஒரு சின்னக் கோளாறு இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். கிருமி அங்கே போய்க் குடியேறிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் கஷாயத்தோடு ஓட்டியிருந்தால் வால்வு போயிருக்கும், ஆளும் போயிருக்கலாம் என்றார் டாக்டர்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து ஏற்றினார்கள். அப்புறம் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் மாத்திரை. வயிறு எரியும், சோறு இறங்காது. காய்ச்சல் விட்டதும், போதும் நிறுத்திவிடலாம் என்று பழைய புத்தி எட்டிப் பார்த்தது. கூடவே, ஒரு டம்ளர் நம் கஷாயம் குடித்தால் என்ன என்றும் தோன்றியது. என் மனைவி என்னை அறிந்தவள். நான் எனக்கென்று இடித்து வைத்திருந்த பொடிகளை எல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை டாக்டரம்மாவிடமே கொடுத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் திண்டுக்கல் பூட்டு, எனக்கும் அதே பூட்டு!

மருந்து முடிந்தது. மறுபடி எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, வால்வு தப்பித்தது என்று டாக்டர் சொன்னார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "இனிமே நல்லாப் பசியெடுத்து ஒடம்பு தேறணும். அதுக்கு ஒங்க டாக்டரம்மாவப் பாருங்க. என்ன குடுக்கிறாங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிருங்க" என்றார். அவர் அறை வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். அந்த இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் நம்பியதால் பிழைத்தவன் நான்.

அந்த மூட்டு வலிப் பெரியவர் அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் வருவதில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவரோடு இன்னும் சிலரும் நின்றுவிட்டார்களாம். மனசு கேட்காமல் போய் வருத்தப்பட்டேன். "விடுங்கண்ணே, வேற எடத்துல பாத்துக்கிறாங்க. அந்தக் கடுக்காய எடுங்க, பாப்போம்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

என் கடைக்குக் கூட்டம் குறையவில்லை என்பதுதான் வேடிக்கை. பூனையும் கடையில்தான் இருக்கிறது, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டு; பூனைக்குப் பூனை அந்தக் கிருமியைப் பரப்புவது அந்தப் பூச்சிதானாம். நான்தான் அதனுடன் விளையாடுவதில்லை. விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கிறது என்று யாராவது நிலவேம்பு கேட்டு வந்தால், முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச்சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

இன்றைக்கும் ஏணியில் ஏறி, மூச்சு வாங்காமல் மேல்தட்டு டப்பாவை எடுக்கிறபோதெல்லாம், நான் முகத்தை மூடிக்கொண்டிருந்த அந்த பெஞ்சில் எனக்காக முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.