பாலையடியில் நிறுத்திய ரயில்

இது நடந்தது. தயாபரன் என்னிடம் இதைச் சொன்னது வவுனியாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில், பட்டப்பகலில், தலையை நிமிர்த்தாமல். ஊரின் பெயரை மட்டும் பாலையடி என்று மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் அவர் இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

பாலையடி வவுனியாவுக்கு வடக்கே ஒரு குட்டி ஸ்டேஷன். தொண்ணூறில் ரயில் நின்றது. பிறகு தண்டவாளம் சண்டைக்காரரின் பங்கர் குழிகளுக்குப் போனது, சிலிப்பர் கட்டைகளும் அதே வழி. மிச்சத்தைக் காடு மூடியது. சண்டை முடிந்து பாதையைத் திரும்பப் போட்டபோது ஒரு டிக்கெட் ஜன்னல், உட்கார ஒரு வாங்கு, ஒரு சுவர்க்கடிகாரம் கிடைத்தன. ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட் கொடுப்பவர், கூட்டுகிறவர் எல்லாம் தயாபரன்தான். காலையில் ஒரு ரயில், பின்னேரம் ஒன்று. அதுவும் ஏற ஆள் இருந்தால் மட்டும். சிவப்புக் கொடி காட்டினால் நிற்கும், பச்சை காட்டினால் போய்விடும்.

இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய் அழகம்மா வருவார். மலையகத்திலிருந்து வந்து, காட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் குடும்பம். நெஞ்சு வருத்தம், வவுனியா ஆஸ்பத்திரியில் கிளினிக். பெப்ரவரி 18 அன்று ரயில் நாற்பது நிமிடம் பிந்தி வந்தது. அவர் ஒருவருக்காகத் தயாபரன் அதை மறித்தார். ஜன்னல்களில் இருந்த சனம் சிரித்தது. "ஒரு கிழவிக்கோ உவன் கோச்சியை மறிச்சவன்?" என்று ஒருவன் கத்தினான். தயாபரனுக்கு மானம் போனது போல இருந்தது.

மார்ச் 4. மறுபடியும் அழகம்மா மட்டும். டிக்கெட் கேட்டார்.

"கோச்சி வரட்டும் அம்மா, தாறன்."

7.52க்கு ரயில் வந்தது. தயாபரன் கட்டடத்துக்கு அந்தப் பக்கம் போய், அழகம்மாவின் கண்ணில் படாமல் நின்று... பச்சையைக் காட்டினார்.

"என்னங்கய்யா, நிக்கலையே?"

"நான் மறிச்சனான் அம்மா. டிரைவர் நிப்பாட்டேல்லை."

"பரவாயில்லங்கய்யா."

பஸ் எடுக்கக் கண்டி வீதிக்கு மூன்று கட்டை தூரம் நடக்க வேண்டும். வெயிலில் அவர் மெல்ல மெல்லப் போவதைத் தயாபரன் பார்த்துக்கொண்டு நின்றார். தயாபரனின் மோட்டார் சைக்கிள் நிழலில் சும்மா நின்றது. ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். அழகம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அதனால் போகவில்லை.

மார்ச் 18. விடியவிடிய மழை. 7.38க்குத் தயாபரன் நிமிர்ந்தபோது அழகம்மா ஜன்னலில் நின்றார். சல்லிக்கல்லில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. குடை இல்லை. சேலை நனையவும் இல்லை. எப்போதும் பிஸ்கட்டுக்கு அவரிடம் ஓடும் ஸ்டேஷன் நாய், வாங்கின் கீழ் ஒடுங்கி முனகியது...

தயாபரன் எல்லாவற்றையும் பார்த்தார். யோசிக்கவில்லை. இன்றைக்காவது அவரை ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் மனத்தில் இருந்தது.

"வவுனியாவோ அம்மா?"

கை மட்டும் நீண்டது.

அட்டை டிக்கெட்டில் அன்றைய திகதியை மையில் குத்திக் கொடுத்தார். விரல் பட்டது. குளிர்...

"இண்டைக்கு நிக்கும் அம்மா. நான் மறிக்கிறன்."

அவர் போய் வாங்கில் இருந்தார்.

7.51. ஹோர்ன்.

சிவப்புக் கொடி.

ரயில் நின்றது. கார்ட் எட்டிப் பார்த்தார். "ஆர் ஏறுறது?"

தயாபரன் திரும்பினார்.

வாங்கில் ஒருவரும் இல்லை.

10.15க்கு ஒரு இளைஞன் வந்தான். "நான் பிரதீபன். அழகம்மாவோட மகன். கொழும்புல வேலை."

"அம்மா எங்க தம்பி? காலமை வந்தவா, கோச்சி ஏறேல்லை..."

பிரதீபன் அவரை உற்றுப் பார்த்தான். "அம்மா நாலாந்தேதியே செத்துட்டாங்க அண்ணே. பஸ்ஸுக்கு நடந்து போற வழியில விழுந்துட்டாங்க. விழுறதுக்கு முன்னால எனக்குப் போன் எடுத்தாங்க. ஸ்டேஷன் ஐயா பாவம், நமக்காக மறிச்சாரு, டிரைவர்தான் நிறுத்தலன்னு சொன்னாங்க. அதான் உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போக வந்தேன்."

செத்தவர் வந்து போனது பயம்தான். இந்த நன்றி அதைவிடக் கொடுமையாக இருந்தது.

"தம்பி... டிரைவரில பிழை இல்லை. நான்தான் பச்சை காட்டினனான். டிக்கெட்கூடக் குடுக்கேல்லை."

பிரதீபன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொலித்தீன் பையை எடுத்தான்.

"அப்ப இது யாரு குடுத்தது? அம்மா கையில இறுக்கிப் புடிச்சிருந்தாங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரியில விரலப் பிரிச்சு எடுத்துத் தந்தாங்க. தேதிதான் பிழையா குத்தியிருக்கு, பாருங்க."

தயாபரன் அட்டையைக் கையில் வாங்கினார்.

பாலையடி - வவுனியா. மார்ச் 18.

இன்னும் காயாத மை விரலில் ஒட்டியது.