கேக் கொண்டுபோன வெள்ளை வேன்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த புதிது. மட்டாஞ்சேரி பேக்கரி ஒன்றின் கேக்குகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் பழைய வேன் ஒன்று வாங்கினேன். எஞ்சின் சுத்தம், ஓட்டவும் சுகம். "ஆஸ்பத்திரி ஓட்டம்" என்றார் விற்றவர். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

முதல் வாரமே பள்ளுருத்திச் சந்துகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். என் வேன் நுழைந்ததும் பேச்சு அடங்கும். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். சில கதவுகள் மெல்லச் சாத்தப்படும்.

ஒரு மத்தியானம் பிறந்தநாள் கேக்குடன் ஒரு வீட்டு முன் நிறுத்தினேன். வெளியே வந்த பெண் கேக்கை வாங்காமல் வேனையே பார்த்தார்.

"சேட்டா, இது சவம் எடுக்கிற வண்டியாச்சே? எங்க வீட்டுக்காரரை இதிலதான் கொண்டுபோனாங்க. கதவுல இந்த நசுங்கல் எனக்கு நல்லா ஓர்மை இருக்கு."

"தெரியாதும்மா" என்றேன். அது பாதிப் பொய்.

"பின்கதவைத் திறக்கிறீங்களா?"

திறந்தேன். கேக் பெட்டிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்தார்.

"அன்னைக்குப் பொம்பளைங்க வரக்கூடாதுன்னு என்னை ஏற விடல."

அவர் இறங்கும்வரை வெயிலில் நின்றேன்.

அதன்பிறகு யார் கேட்டாலும் வேனின் பழைய வேலையை மறைக்காமல் சொன்னேன். சில வீடுகள் கேக் வாங்குவதை நிறுத்திவிட்டன. ஆனாலும் அந்த வேனை விற்க எனக்கு மனம் வரவில்லை.