அண்ணன் பெயரில் ஓட்டிய பந்தயம்

இந்த நாட்டில் காரைப் பெண்ணாகப் பேசுகிறார்கள். நியூசிலாந்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் இது எனக்குப் பிடிபடவில்லை. நான் வாங்கிய பழைய டொயோட்டா ஸ்டார்லெட்டை எங்கள் சிற்றூரின் கார் கிளப்புக்கு முதன்முதலாக எடுத்துப் போன அன்று, கிரஹாம் என்கிற முதியவர் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். பால்பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் வரவு செலவு முதல் பந்தயப் பதிவுவரை எல்லாம் அவர்தான். முன்சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு, என் பக்கத்தில் நின்ற என் கணவர் பிரபுவிடம், "ஷீ'ல் பி ரைட், மேட்" என்றார். இவள் சமாளித்துக்கொள்வாள் என்று என்னைத்தான் சொல்கிறார் என நினைத்து, மனம் நிறைந்து "தேங்க் யூ" என்றேன். அவர் விழித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் பிரபு சிரித்துக்கொண்டே விளக்கினார்: அவர் சொன்னது வண்டியை. என்னை அவர் பார்க்கவே இல்லை. வண்டி யாருடையது என்று கேட்கவும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

திருப்பூரில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள், வெளிநாட்டில் இதெல்லாம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து விமானம் ஏறினேன்.

மாறியது கணக்குதான். இங்கே உதிரி பாகம் மலிவு, கை வேலைக்குக் கூலி அதிகம். ஒரு மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியில் ஒரு பழைய கியர்பாக்ஸே வாங்கிவிடலாம். அதனால் வங்கி மேலாளர், பள்ளி ஆசிரியர், செவிலியர் என்று எல்லாரும் சனிக்கிழமையானால் கார் அடியில் படுத்துக் கிடக்கிறார்கள். ஊருக்கு வெளியே ரெக்கர் யார்டு என்று ஒன்று இருக்கிறது, செத்த கார்களின் மயானம். சொந்த ஸ்பானரோடு போய் வேண்டியதைக் கழற்றிக்கொண்டு வரலாம். கிளப்பில் கூடினால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்: எந்த யார்டில் எந்த ஷாக் அப்சார்பர் கிடக்கிறது, ஒரு ஜோடி டயரை இன்னும் எத்தனை பந்தயத்துக்கு இழுக்கலாம். ஊரிலோ கை மலிவு, பாகம்தான் யானை விலை. எங்கள் மெக்கானிக் ரஷீத் பாய் எதையும் தூக்கி எறிய மாட்டார். தேய்ந்த புஷ் வளையத்துக்குப் பதில் லேத்தில் கடைந்து ஒன்று போடுவார். அதுவும் முடியாமல் போனால்தான் கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடை கடையாக அலைவார்.

ரஷீத் பாயின் பட்டறை திருமுருகன்பூண்டியில், சிலை செதுக்கும் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்தது. நாள் முழுக்க உளிச் சத்தம். காற்றோடு வரும் கல்தூசி கார்களின் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும், வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைதான் எனக்கு முதலில் கிடைத்தது. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பத்து தையல் மெஷினோடு ஒரு பனியன் கம்பெனி. என் அண்ணன் கதிரேசன் அதைப் பார்த்துக்கொண்டே, மீதி நேரமெல்லாம் ஒரு பழைய மாருதி எஸ்டீமைப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். பின்சீட்டைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு பற்றவைத்து, கதவுகளின் துணியை உரித்து. உக்கடத்திலிருந்து வாங்கிய சாமான்களைப் பட்டறையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்புவான். நான் கொடுத்துவிட்டு வர மாட்டேன். நின்றுவிடுவேன். சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றிப் போகும் எங்கள் கம்பெனி வேனை ஏற்கெனவே நான் ஓட்டிக்கொண்டிருந்ததால், எஸ்டீமை எடுத்துப் பார்க்க பாய் என்னை விட்டார். பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மண் தரையில், முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எப்போது எடுத்தால் பின்பக்கம் வழுக்கித் திரும்பும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அண்ணன் அதைக் கற்கவில்லை. அவனுக்குக் காலை எடுப்பது என்றாலே கோழைத்தனம்.

பொங்கலூரைத் தாண்டி, மனை பிரித்துத் தார்ச்சாலை போட்டும் விற்காமல் கிடந்த ஓர் இடத்தில் அந்தப் பந்தயம் நடந்தது. ஒவ்வொரு காராகத் தனியே ஓட வேண்டும், குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குக் கோப்பை. வந்தவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள். பெண்கள் ஓட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. விதி போடும் அளவுக்குக்கூட யாரும் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முந்தின நாள் டயர் மாற்றும்போது ஜாக்கி சரிந்து அண்ணனுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. காலையில் கார்களின் வரிசைக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஸ்டியரிங்கப் புடிக்கவே முடியல அம்மிணி. நீ ஓட்டு."

"என்ர பேரு குடுக்கலீங்களேண்ணா?"

"என்ர பேர்லயே ஓட்டு. ஹெல்மெட்டப் போட்டா ஆருக்குத் தெரியுது? ரெண்டு பேரும் ஒரே ஒசரந்தான."

ஓட்டினேன். மூன்றாவது திருப்பம், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரும் கொண்டை ஊசி. எல்லாரும் அங்கேதான் நேரத்தை இழந்தார்கள். நான் இரண்டாவது கியரில் போய், ஒரு கணம் காலை எடுத்து, பின்பக்கம் சுழன்று வர விட்டு, முழுதாக அழுத்தினேன். பாதையைக் குறிக்க வைத்த கூம்புகளில் ஒன்றைக்கூடத் தட்டவில்லை. முடித்தபோது ஒலிபெருக்கியில் அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அன்றைய சிறந்த நேரம். நான் நிற்காமல் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். என் வியர்வையில் நனைந்த பந்தய உடுப்பை நான் கழற்ற, அண்ணன் அதை மாட்டிக்கொண்டான். "ஈரமா இருக்குதே" என்று முகம் சுளித்தான். பிறகு போய் மேடையேறினான். அவன் கோப்பை வாங்குவதைப் படம் எடுத்தது நான்தான். நன்றாகவே எடுத்தேன்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். விளையாட்டாக இருந்தது, எங்கள் இருவருக்குள் ஒரு ரகசியம் போல. அடுத்த பந்தயத்துக்கு என் பெயரைக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் அது ரகசியம் இல்லை, மூடி போட்ட கிணறு என்று தெரிந்தது. அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுல என்ன சொல்லுவாங்க?" என்றார். அண்ணனும் அதன்பிறகு ஒரு பந்தயத்துக்கும் போகவில்லை. போனால் அந்த நேரத்தைத் தொட வேண்டுமே. ஒருநாள் கல்லூரி விட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். எஸ்டீம் இல்லை. அண்ணன் பழைய இரும்புக்கு உடைக்கக் கொடுத்துவிட்டானாம். ரஷீத் பாய் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாய், ஓட்டுனது நான்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?" என்று கேட்டேன்.

"தெரியும் பாப்பா. ஆனா உங்க கம்பெனி வண்டி நாலும் இங்கதானே ரிப்பேருக்கு நிக்குது" என்றார். சாட்சி என்று இருந்தவர் அவர் ஒருவர். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை.

கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஸ்டார்லெட்டை வாங்கினேன். யார்டில் நானே கழற்றிவந்த சாமான்களைப் பூட்டி, இரண்டு குளிர்காலம் வேலை செய்தேன். முதல் பந்தயத்துக்குப் படிவத்தில் தமிழ்ச்செல்வி என்று எழுதிக் கொடுத்தேன். கிரஹாம் கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார். பிறகு ரொம்ப அன்பாக, "டாமின்னு போட்டுக்கலாமா? ஈஸியா இருக்கும்" என்று அவர் மொழியில் கேட்டார். நான் சரி என்றேன். என் வாய் அப்படிப் பழகிவிட்டது. மாலையில் சுவரில் ஒட்டிய தாளில் டாமி என்கிற யாரோ ஒருத்தி பதினோராவதாக வந்திருந்தாள். அங்கே அண்ணன் பெயர், இங்கே இந்தப் பெயர். இரண்டு நாடுகளிலும் நான் வண்டி ஓட்டியதற்குத் தாளில் ஆதாரம் இல்லை.

சென்ற வருடம் ஊருக்கு வந்திருந்தேன். அண்ணன் அவிநாசிக்குப் பக்கத்தில் புதிய பெரிய ஃபேக்டரி கட்டித் திறந்தான். அவன் அறையில் கண்ணாடி அலமாரி, உள்ளே அந்தக் கோப்பை, பக்கத்தில் நான் எடுத்த படம். ஐரோப்பாவிலிருந்து பனியன் வாங்கும் பையர் ஒருவர் வந்திருந்தார், கார் பித்துப் பிடித்தவர். துணி சாம்பிளை விட்டுவிட்டுக் கோப்பையைப் பற்றியே கேட்டார். அண்ணனுக்கு ஆர்டர் பேசும் அளவுக்குத்தான் ஆங்கிலம் வரும். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு கண்ணு. மூணாவது திருப்பத்துல எல்லாரும் பயந்தானுங்க. நான் மூணாவது கியர்ல, காலையே எடுக்காம போனேன்னு சொல்லு."

அறையில் ஆங்கிலம் தெரியாத என் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். நான் பையரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் இரண்டாவது கியரில் போனேன். ஒரு கணம் காலை எடுத்தேன். பின்பக்கம் சுழன்று வந்ததும் மறுபடி முழுதாக அழுத்தினேன்." மொழிபெயர்ப்பவள் 'நான்' என்றுதானே சொல்ல வேண்டும். அவர் முகம் மலர்ந்து, "எக்ஸாக்ட்லி!" என்றார். ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் இது தெரியும் என்று சொல்லி எழுந்து போய், அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மையை வாய்விட்டுச் சொன்னேன். பாராட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தான். கியர் மாறியது அவனுக்குப் புரியும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும்.

வீட்டுக்குப் போகும்போது காரில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"இங்கிலீஷ்ல என்னென்னமோ சேத்திச் சொன்னயாட்ட இருக்குது?"

"நடந்தத சொன்னனுங்ணா."

முன்னால் போன லாரியை முந்தினான். "அந்தக் கப்பு வேணும்னா எடுத்துக்க. நாளைக்கே பொட்டில வெச்சுக் கட்டித் தாரேன்."

"அதுல உங்க பேரு வெட்டியிருக்குதுங்களே. கப்பு வேண்டாம். அம்மாகிட்ட மட்டுமாச்சும் சொல்லுங்க."

"இத்தன வருசம் கழிச்சா? பொய் சொன்னவன்னு ஊட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும், ஊரே பேசும். அப்புறம் ஆரு என்ர வாய் வார்த்தைய நம்பிக் கடனுக்கு நூல் குடுப்பாங்க?" வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "நீ அங்க வண்டி வெச்சு ஓட்டற அம்மிணி. எனக்கு அந்த ஒரு நாள்தான் இருக்குது."

அந்த ஒரு நாளும் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில்கூட 'ங்க' போடாமல் அவனிடம் பேச எனக்கு வரவில்லை. மரியாதை இருக்கிற வாக்கியத்தில் அவ்வளவு கோபத்தை ஏற்ற முடியாது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் நியூசிலாந்து திரும்பும்வரை அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அம்மா நம்பாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். இன்னொன்றும் உண்டு, எழுத வெட்கமாக இருக்கிறது: அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இங்கே வந்ததும் ஒரு காரியம் செய்தேன். அடுத்த பந்தயத்துக்குப் படிவம் கொடுக்கும்போது கிரஹாமை நிறுத்தி, என் பெயரை மூன்று முறை சொல்ல வைத்தேன். "டாமில்... செல்வி" என்பது வரைக்கும் வந்தார். வியர்த்துவிட்டார். அது போதும் என்று விட்டேன். என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகப் புன்னகைத்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் எரிச்சலையும் புன்னகையாகத்தான் காட்டுவார்கள், அதை இப்போது எனக்கு அடையாளம் தெரியும்.

அது மலையேற்றப் பந்தயம். சரளைக்கல் சாலையில் கீழிருந்து உச்சிவரை தனித்தனியாக ஓட்ட வேண்டும். குளிர் காலம், ஆலங்கட்டி விழுந்து ஓய்ந்திருந்தது. எங்கள் பிரிவு ஓடி முடித்தபோது நான் நான்காவது என்று ரேடியோவில் சொன்னார்கள். காலையில் கொடுத்த வரிசைத் தாளில் என் முழுப் பெயர் இருந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு. உச்சியில் ஹெல்மெட்டும் கையுமாக ஸ்டார்லெட்டின் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். அண்ணன் உடனே ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான். சிறிது நேரத்தில் அம்மாவின் குரல் செய்தி வந்தது:

"வண்டி அழகா இருக்குது கண்ணு. மாப்பிள்ளை ஓட்டறதப் பாக்கப் போனயா? செயிச்சாரான்னு நாங்க கேட்டம்னு சொல்லு. ரொம்ப நேரம் வெயில்ல நிக்காத சாமி."

அந்தப் பந்தயத்தில் ஒரு நடைமுறை உண்டு. மேலே ஏறிய கார்கள், கடைசிக் கார் வந்து சேரும்வரை இறங்கக் கூடாது. கீழே இன்னும் ஆறு பேர் பாக்கி என்று ரேடியோவில் கிரஹாமின் குரல் கேட்டது. காருக்குள் உட்கார்ந்து குரல் செய்தியை மறுபடி ஒருமுறை கேட்டேன். பதில் சொல்ல மைக்கை அழுத்தினேன், விரலை எடுத்தேன், மறுபடி அழுத்தினேன். சன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது, நான் வந்த சாலையும் தெரியவில்லை. சூட்டுக்காக என்ஜினை அணைக்காமல், எந்தப் பக்கமும் இறங்க அனுமதி இல்லாமல், உச்சியில் உட்கார்ந்திருந்தேன்.