கிளச் பிடியில் ஒரு சிட்டிகை

என் மனைவி ஜெயகுமாரிக்குக் காது இரண்டல்ல, நாலு. பெருமைக்காகச் சொல்லவில்லை, பட்ட பாட்டில் சொல்கிறேன். போன வருடம் எங்கள் காருக்குள் ஒரு 'டிக் டிக்' சத்தம். வீட்டுக்குப் போகும் ரொம்சோஸ் ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் கேட்கும். முன்சில்லில் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து கராஜுக்கு நாள்கூடக் குறித்துவிட்டேன். அவள் பக்கத்து இருக்கையில் ஏறினாள். இரண்டாவது வளைவு வருமுன் கையை நீட்டி, கண்ணாடியில் நான் தொங்கவிட்டிருந்த செபமாலையைப் பிடித்தாள். சத்தம் நின்றுவிட்டது.

"உங்கடை மாதாதான் தட்டிக் கூப்பிடுறா," என்றாள். "கராஜுக்காரனை விட்டிட்டு அவவோடை கதையுங்கோ."

அன்றைக்கே செபமாலையைச் சுருட்டி நூலால் கட்டிவிட்டேன். நான் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கத்தோலிக்கன், பெயர் ஸ்ரனிஸ்லாஸ், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். அவள் திருகோணமலைச் சைவக்காரி. இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் மாதாவும் முருகனும் ஒரே அலுமாரியில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள். சண்டை பிடிப்பதெல்லாம் நாங்கள்தான்.

அவள் வேலை செய்யும் மோட்டார் சைக்கிள் பட்டறையில் அவள் முதலில் பிடித்த ஆயுதம் தும்புத்தடி. நாலு வருடம் அங்கே நிலம் துடைத்தாள். ஒருநாள் துடைத்துக்கொண்டே முதலாளி அல்பிரட்டிடம், "அந்தச் சிவப்பு வண்டி நேற்று இப்படிக் கத்தவில்லையே," என்றிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு பெயாரிங் தேய்ந்து கிடந்தது. அல்பிரட் அதிகம் பேசாத மனிதர். அடுத்த கிழமை தும்புத்தடியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு ஸ்பானரைக் கொடுத்தார். படித்து, பரீட்சை எழுதி, தொழிற்சான்றிதழ் எடுக்கும்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. டிசம்பர் முதலாம் திகதி மெக்கானிக்காகச் சேர்ந்தாள். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிறகுதான் வேலை நிரந்தரம். மே முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை, அந்த ஆறு மாதம் முடிகிற நாள். எங்கள் வீட்டுக் கலண்டரில் அதைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சனியன் கிளச்சில் வந்து குந்தியது.

பனி கரைந்ததும் ஒஸ்லோவில் எல்லோரும் வண்டியை வெளியே எடுப்பார்கள். அந்த வசந்தத்தில் பதினாறு வண்டிகளை அவள் தனியாகவே முடித்து அனுப்பியிருந்தாள். முதலில் திரும்பி வந்தவள் ஹன்னா என்ற தாதி. கிளச் பிடியை இழுத்தால் 'கிரீச்' என்று கத்துகிறதாம். வண்டி சூடேறிய பிறகு ஏற்றத்தில் இயந்திரம் உறுமுகிறதே தவிர வண்டி இழுக்கவில்லையாம். ஒரு லொறிக்கு முன்னால் அப்படி நின்று பயந்துபோய் வந்திருந்தாள். இரண்டு கிழமைக்குள் அதே சத்தத்தோடு இன்னும் இரண்டு வண்டிகள் வந்தன.

இந்த வண்டிகளின் கிளச்சுக்குக் கம்பி கிடையாது. பிடியை இழுத்தால் மேலே ஒரு சின்னச் சிலிண்டர் எண்ணெயை அமுக்கும். எண்ணெய் குழாய் வழியே இறங்கிக் கீழே கிளச்சைத் திறக்கும். மூன்று வண்டிக்கும் அந்த மேல் சிலிண்டர் புதிதாக மாற்றியது. "சாமான் சரியில்லை," என்று முடிவுகட்டிய அல்பிரட், அனுப்பிய கொம்பனிக்குக் கடிதம் எழுத ஆயத்தமானார். "நீ ஒருமுறை பார்த்துக் காரணத்தை எழுதித் தா," என்று இவளிடம் சொன்னார். அது செவ்வாய்க்கிழமை.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஹன்னாவின் வண்டியில் பிடியை இழுத்தாள். அப்போதும் கிரீச். ஆகவே சத்தம் இயந்திரத்துக்குள்ளிருந்து வரவில்லை. நீளமான திருப்புளியின் நுனியைக் கீழ்ச் சிலிண்டரில் வைத்து, அதன் மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். அமைதி. மேல் சிலிண்டரிலும் அமைதி. கிளச் பிடி சுழலும் ஆணிக்குப் பக்கத்தில் வைத்தபோது சத்தம் காதுக்குள் குத்தியது. ஆணியைக் கழற்றினாள். அவளே பூசிய கிறீஸ், சாம்பல் நிறச் சேறாகிக் கிடந்தது. விரல்களுக்கிடையே உரசினால் நறநறவென்றது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

கோயில் மணம்.

மேலங்கிப் பையில் அவள் எப்போதும் ஒரு திருநீற்றுப் பொட்டலம் வைத்திருப்பாள். வண்டியை முடித்துக் கொடுக்குமுன், ஓட்டுகிறவர் புறப்படும்போது இடக்கை முதலில் தொடுகிற இடம் என்று, கிளச் பிடியின் அடியில் ஒரு சிட்டிகை வைப்பாள். அங்கேதான் புதுக் கிறீஸும் இருக்கும். திருநீறு அதிலே ஒட்டி, ஆணிக்குள் இறங்கி, அரம்போல் அராவியிருக்கிறது. பிடி முழுவதும் திரும்பி வராமல் மயிரிழை தூரம் நின்றிருக்கிறது. அதனால் எண்ணெய்க்குத் திரும்பி மேலே வர வழியில்லை. சூட்டில் அது பெருக, கிளச் தானாகவே அரைவாசி திறந்துகொண்டது. வண்டி எப்படி இழுக்கும்?

இதையெல்லாம் அவள் அன்று பின்னேரம் புட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள். நான் பதறிப்போனேன்.

"அட கோதாரி! ஆருக்காவது சொன்னனியே?"

"இன்னும் இல்லை. நாளைக்கு எழுதிக் குடுக்கப்போறன்."

"உனக்கென்ன விசரே? மூண்டையும் கழுவிக் கிறீஸைப் பூசிவிடு. சத்தம் போயிடும், கதையும் முடிஞ்சிடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரு. சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுக்கிறாய்?"

"அந்தக் கொம்பனிக்காரன் என்ன பாவம் செய்தவன்?" என்று கேட்டாள். பிறகு புட்டைத் தள்ளி வைத்தாள். "இஞ்சாருங்கோ, நான் பதினாறு வண்டியிலை வைச்சனான். திரும்பி வந்தது மூண்டு. மிச்சம் பதின்மூண்டும் றோட்டிலை ஓடுது. அதிலை ஒராள் ஏத்தத்திலை நிண்டுபோனால்?"

பதில் இல்லாத மனிசனுக்கு வாய் நீளும். "வேலை போனால் திரும்பத் தும்புத்தடிதான், தெரியுமே?" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள். ஏனடா அதைச் சொன்னோம் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

வேலையிடத்தில் பிழை நடந்தால் எழுதிக் கொடுக்க இங்கே ஒரு தாள் உண்டு, அவ்விக் என்பார்கள். புதன் காலை அதை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில், 'சாம்பல். நான் வைத்தது' என்று நொர்வேஜிய மொழியில் எழுதினாள். ஏன் நடந்தது என்ற இடத்தில், 'ஓட்டுகிறவர் பத்திரமாக வீடு போய்ச் சேர' என்று எழுதினாள். அல்பிரட் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். முடிந்தது கதை என்று இவள் தன் அலுமாரியைத் துப்புரவாக்கத் தொடங்கிவிட்டாளாம். ஒரு மணித்தியாலம் கழித்து அவர் வெளியே வந்தார். பதின்மூன்று பேருக்கும் தொலைபேசி எடுத்து, ஓட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"வண்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்," என்றார். "வெள்ளிக்கு முன் எல்லாவற்றையும் கழுவு."

அவ்வளவுதான். வேலை இருக்கிறதா, இல்லையா என்று மூச்சு விடவில்லை. நொர்வேக்காரரின் மௌனத்தைப் படிக்க எனக்கு இன்னும் தெரியாது.

வெள்ளி பின்னேரம் குற்றவுணர்ச்சியில் ஒரு பெட்டி ரோல்ஸ் வாங்கிக்கொண்டு அவளைக் கூப்பிடப் போனேன். பதினைந்து வண்டிகள் போய்விட்டன. கடைசியாக ஹன்னா நின்றாள். பிடியை இழுத்தாள், விட்டாள், திரும்ப இழுத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"என்னதான் இருந்தது?" என்று கேட்டாள்.

ஜெயகுமாரி ஒளிக்காமல் சொன்னாள், ஏன் வைத்தாள் என்பதையும். நான் ரோல்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹன்னாவின் முகம் மாறியது.

"அப்படியென்றால் அதையும் கழுவிவிட்டாயா?" என்றாள். "சத்தத்தை எடுக்கத்தானே கொண்டுவந்தேன். மற்றதை எடுக்கச் சொல்லவில்லையே."

இவள் அல்பிரட்டைப் பார்த்தாள். அல்பிரட் கூரையைப் பார்த்தார். இவள் கையைத் துடைத்து, பொட்டலத்தை அவிழ்த்து, முன்விளக்கின் கண்ணாடியில் ஒரு சிட்டிகை பூசினாள். அங்கே உரசுவதற்கு ஒன்றுமில்லை. ஹன்னா தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுப் போனாள்.

பிறகு அல்பிரட் அறைக்குள் போய் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஒவ்வொரு வண்டிக்கும் சரிபார்த்துக் கோடு போடும் படிவம் அது, புதிதாக அச்சிட்டது. அடியில் ஒரு வரி கூடியிருந்தது: 'கிளச் பிடி ஆணி: கிறீஸ் மட்டும்.' இவள் முகம் விழுந்துவிட்டது. வேலையும் போய், பிழையை அச்சடித்து வேறு கையில் தருகிறார் என்று நினைத்தாள்.

"குத்திக் காட்டுறார்," என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். வருடக்கணக்காக பஸ் நேர அட்டவணை பார்க்கிறவன் நான், எந்தத் தாளிலும் முதலில் பார்ப்பது திகதி. படிவம் ஜூன் முதலாம் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குச் செல்லும் என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், பொறுப்பாளர் என்ற இடத்தில், பேனாவால் அல்ல, அச்சிலேயே, ஜெயகுமாரி ஸ்ரனிஸ்லாஸ்.

"இஞ்சேர், திகதியைப் பார்," என்றேன். "நாளையிலையிருந்து நீதான் பொறுப்பு. வேலை போகேல்லை."

பார்த்தாள். பட்டறைக்கு நடுவில் நின்று, கிறீஸ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அல்பிரட் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ரோலை எடுத்து வாயில் வைத்தார். உறைப்பில் அவருக்கும் கண்ணீர் வந்தது.

வீடு திரும்பும்போது, ரொம்சோஸ் ஏற்றத்தில் 'டிக் டிக்' என்றது. கட்டியிருந்த நூல் அவிழ்ந்து செபமாலை ஆடிக்கொண்டிருந்தது. பிடிக்கக் கையை நீட்டினேன். கன்னத்தில் கிறீஸ் கோட்டோடு இருந்தவள் என் கையைத் தடுத்தாள்.

"இண்டைக்கு விடுங்கோ," என்றாள். "தட்டட்டும்."