லோர்னாவின் வேனில் மஞ்சள் விளக்கு

லோர்னா ஹௌகனும் நானும் டுலூத் என்ற ஏரிக்கரைக் குளிர் ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகச் சமையல் வேலை பார்த்தவர்கள். ஓய்வு பெற்றதும் நான் சோபாவில் சாய்ந்துவிட்டேன். அவளோ தன் துருப்பிடித்த வேனில், வெர்ன் என்ற கிழவரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போக ஆரம்பித்தாள். எங்கள் தேவாலயம் ஏற்பாடு செய்த சேவை அது. வெர்னுக்கு வேறு நாதி கிடையாது.

குளிர்காலம் வந்தால் போதும், அந்த வேனில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். விளக்கு எரிகிற வண்டியில் நோயாளியை ஏற்றக் கூடாது என்று தேவாலயக் குழு கறாராகச் சொல்லிவிட்டது.

லோர்னா சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஸ்டீயரிங்குக்கு அடியில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினாள். பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்றது அது. டேங்க் மூடியை மாற்றினாள். இந்த வயதில், பனியில் முதுகைப் போட்டு வண்டிக்கடியில் புகுந்து ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்த்தாள். மெக்கானிக் குழாய்களுக்குள் புகை விட்டு, எங்காவது வெளியே வருகிறதா என்று சோதித்தார். ஓர் ஓட்டையும் இல்லை. விளக்கை அணைத்துக் கொடுத்தார். சில நாளில் மறுபடி எரிந்தது.

வெர்னுக்கு இது கொண்டாட்டம்.

"ஏம்மா, மூடிய ஒழுங்கா திருகுனியா?"

"டக் டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் திருகினேன், வெர்ன்."

"அது மூடி சத்தமா இருக்காது. உன் முட்டி சத்தம்."

பிப்ரவரியில் நெஞ்சுச் சளி முற்றி வெர்ன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவர் திரும்பும்வரை விளக்கு எரியவே இல்லை. மறுபடி வந்து வண்டியில் ஏறினார். அந்த வாரமே எரிந்தது.

"அப்போ கோளாறு கிழவர்தான்டி. அவரைக் கழட்டிட்டு வேற மாட்டு," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைத்தாள்.

"தனியா போனா இன்ஜினை அணைச்சிட்டுத்தான் பெட்ரோல் போடுவேன். அவர் இருந்தா அணைக்கறதே இல்லடி. ஹீட்டர் நின்னுடும்ல. டயாலிசிஸ் முடிஞ்சு வர்றப்ப மனுஷன் கிடுகிடுன்னு நடுங்குறாரு."

இன்ஜின் ஓடும்போது மூடியைத் திறந்தால், ஆவி கசிகிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளுமாம். இன்ஜினை அணைக்கச் சொல்லி ஒவ்வொரு பம்பிலும் எழுதித்தான் ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊர்க் குளிரில் அதை யார் மதிக்கிறார்கள்?

"கிழவர்கிட்ட சொல்லிடு. வாயாவது அடங்கும்."

"மூச்சு விட்ட, கொன்னுடுவேன்! தன்னாலதான்னு தெரிஞ்சா நாளைக்கே வண்டி வேணாம்பாரு. டயாலிசிஸையும் விட்டுடுவாரு."

அவள் மேல் எனக்கு அப்போது வந்த மதிப்பைச் சொல்லி மாளாது. அதன்பிறகு, வெர்னை ஏற்றுவதற்கு முன்பே தனியாகப் போய், இன்ஜினை அணைத்து, முகத்தை அறுக்கும் ஏரிக்காற்றில் நின்று பெட்ரோல் போட்டாள். திரும்பும் வழியில் வேனைச் சூடாக்கி அவர் வாசலில் நிறுத்தினாள். விளக்கு எரியவில்லை.

ஒருநாள் நானும் அவர்களோடு போனேன். வெர்ன் விளக்கு எரியும் இடத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா? மூடிதான்னு அன்னைக்கே சொன்னேன். இப்பத்தான் ஒழுங்கா திருகக் கத்துக்கிட்ட."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கண்ணாடியில் லோர்னா என்னை முறைத்தாள்.

"ஆமா வெர்ன். நீங்க சொன்னதுதான் சரி," என்றவள், ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.