வலது கையையும் கொடுத்துப் பாருங்கள்

முதலில் களைத்தது என் இடது கை.

கற்பிட்டிக் கடலில் அட்டை குளித்துக்கொண்டிருந்த காலம் அது. அடியில் மணலோடு மணலாகக் கிடக்கும் கடலட்டையை முங்கிப் பொறுக்கி, பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். பிறகு போட்டின் விளிம்பைப் பிடித்து ஏற வேண்டும். வலது கை ஏறிவிடும். இடது கை வர மாட்டேன் என்று தண்ணீரிலேயே நிற்கும். என்னோடு முங்கும் பாயிஸ் என் கமக்கட்டில் கை கொடுத்து இழுத்துப் போடுவான்.

"மச்சான், ஒனக்கு ஒரு பக்கம் மாப்பிள்ள, மத்தப் பக்கம் கெழவன்" என்பான்.

நானும் சிரிப்பேன். ஒரே இடத்தில் தங்குகிற ஆள் இல்லை நான். வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கைக்குழந்தையாக மன்னாரிலிருந்து புத்தளத்துக்குத் தூக்கி வரப்பட்டேன். முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பிறகு உப்பளம், நுரைச்சோலையில் வெங்காயத் தோட்டம், உடப்புப் பக்கம் கரைவலை, கடைசியில் அட்டை. ஒரு வேலை அலுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். ஆகவே உடம்பில் எங்காவது வலித்தால், அது போன வேலையின் மிச்சம் என்று நினைத்துக்கொள்வது என் வழக்கம். கை களைப்பை உப்பு மூட்டையின் கணக்கில் போட்டேன். தலைவலியை முங்கலின் கணக்கில் போட்டேன். அந்திக் காய்ச்சலுக்கும், இடுப்பு மெலிந்து கழன்று விழப்பார்த்த சாரத்துக்கும் மட்டும் காரணம் அகப்படவில்லை.

இந்த நோய் புதிதாக வந்து, பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாமல் இருக்கும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தலைவலி கூடியபோது இரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாப்பிடுவது, ஸலாம் சொல்லிக் கைகொடுப்பது, நல்ல காரியம் எல்லாவற்றுக்கும் வலது கை. மற்றதெல்லாம் இடது கையின் தலையில். ஊசியா, இரத்தம் எடுக்கவா, பிரஷர் பட்டி கட்டவா, கதிரையில் உட்கார்ந்ததும் இடது கை தானாக மேசையில் ஏறிவிடும். யாரும் சொல்லித் தந்ததில்லை. வலது கையில் ஊசி குத்தினால் அன்றைக்குச் சோறு பிசைவது யார்?

இடது கையில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பிரஷர் இல்லை, குறைவாக இருக்கிறது, உப்புப் போட்டு தேசிக்காய்த் தண்ணீர் குடியுங்கள்.

உப்பளத்தில் வேலை செய்தவனுக்கு இதைவிட லேசான வைத்தியம் இருக்குமா? குடித்தேன். நன்றாக ஆறு மாதம் குடித்தேன். தலைவலி மேலும் கூடியது.

என்னைக் காப்பாற்றியது ஒரு திருக்கை. அடியில் அட்டை என்று கை வைத்த இடத்தில் அது படுத்திருந்தது. இடது உள்ளங்கையில் முள் ஏறி, முழங்கை வரை வீங்கிவிட்டது. பாயிஸ் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்த இளம் டொக்டர் சிங்களப் பெண். நல்ல தமிழ் பேசினார், தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் மல்லி என்றார். நான் வழக்கம்போல் வீங்கிய கையை மேசையில் வைத்தேன்.

"மல்லி, அதுல எப்படிக் கட்டுறது? மத்தக் கையைக் குடுங்க."

முதல் தடவையாக வலது கையைக் கொடுத்தேன். அவர் மானியைப் பார்த்தார். பட்டியைக் கழற்றித் திரும்பக் கட்டினார். மறுபடி பார்த்தார். இருநூறுக்கு மேல். பிறகு வீக்கமில்லாத மேற்கையில், இடது பக்கம் மெதுவாகக் கட்டிப் பார்த்தார். நூறுகூட இல்லை. இடது மணிக்கட்டில் நாடியைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"நாடி இல்லையே" என்றார்.

"அப்ப நான் பாதி மௌத்தா, டொக்டர்?"

"பாதிச் சாவு இல்ல மல்லி, ஒரு கை மட்டும்" என்று சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே கட்டிலில் படுக்கச் சொன்னார். காதில் மாட்டிய குழாயை என் தொப்புளுக்கு மேலே, இடது பக்கமாக வைத்து நெடுநேரம் கேட்டார். உள்ளே 'உஸ் உஸ்' என்று ஒரு சத்தம் வருவதாகச் சொன்னார். அன்றே கொழும்புக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

கொழும்பில் பார்த்த நிபுணர் நோயின் பெயரைச் சொன்னார். தகயாசு (இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் அதன் பெரிய கிளைகளும் அழற்சியால் சுவர் தடித்து, உள்வழி ஒடுங்கும் நோய்). பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். ஆண்களுக்கும் வரும். தொற்றாது. நாம் செய்த எதனாலும் வந்ததல்ல.

என் இடது கைக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருந்தது. அதனால் அந்தக் கைக்கு இரத்தம் குறைவாகப் போய், பிரஷரும் குறைவாகக் காட்டியது. மற்ற உடம்பு முழுவதும் அழுத்தம் உச்சத்தில் நின்றது. நான் பார்த்துவந்தது உடம்பின் பிரஷரை அல்ல, அடைத்துப்போன ஒரு குழாயின் பிரஷரை.

"வயித்துல கேட்ட சத்தம் சிறுநீரகத்துக்குப் போற தமனியா இருக்கலாம்" என்றார் நிபுணர். "அது ஒடுங்கினா, சிறுநீரகம் தனக்கு இரத்தம் காணாது எண்டு நினைச்சு, முழு உடம்புக்கும் பிரஷரை ஏத்திவிடும்."

என் சிறுநீரகங்களின் வேலை கொஞ்சம் குறைந்திருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டியிருந்தது. சாயம் ஏற்றிப் படம் எடுப்பதை அதனால் தள்ளிவைத்தார். முதலில் டொப்ளர் ஸ்கேன் (ஒலியலையை உள்ளே அனுப்பி, ஓடும் இரத்தத்தின் வேகத்தை அளக்கும் முறை, ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை). அவர் அறிய விரும்பியது இரண்டு. ஒடுக்கம் ஒரு பக்கமா, இரு பக்கமா? ஒடுக்கத்துக்குப் பின்னாலிருக்கும் சிறுநீரகம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, சுருங்கிவிட்டதா? சுருங்கிவிட்டிருந்தால் குழாயைத் திறந்தும் பயனில்லை. உயிரோடு இருந்தால் காப்பாற்றலாம்.

எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அது போதுமாயிருந்தது.

ஸ்கேனுக்குப் போவதற்கு முன் ஊரெல்லாம் யோசனை சொன்னது. எங்கள் பக்கம் சிறுநீரகக் கல் இல்லாத வீடு குறைவு. ஆகவே ஸ்கேன் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்குத் தந்த காகிதத் துண்டில் வேறு ஏதோ எழுதியிருந்தது. அதை யார் வாசித்தார்கள்? கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போதே இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தேன். சிலாபத்தில் இறங்கி, உறுதிக்கு இரண்டு இஞ்சிச் சோடாவும் அடித்தேன்.

ஸ்கேன் செய்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர், கண்ணாடி போட்ட நெட்டை மனிதர். குளிர்ந்த களிம்பைப் பூசி, கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினார். திரையில் ஒரே வெள்ளைப் புகை.

"என்ன குடிச்சனீங்கள்?"

சொன்னேன்.

"உங்களுக்கு வயித்துக்குள்ள பிறந்தநாள் கொண்டாட்டமோ? காத்துக்குள்ளால ஒலி போகாது. சிறுநீரகத் தமனி முதுகோட ஒட்டிக் கிடக்குது. வெறும் வயிறா இருந்தாத்தான் தெரியும். வாற திங்கள் வாங்கோ. ஒண்டும் சாப்பிடாமல், சோடா குடிக்காமல். குளிசையை மட்டும் ஒரு மிடறு தண்ணியோட போடுங்கோ."

அந்தத் திங்கள் வரைக்கும் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி இருந்ததில்லை. ராத்தாவின் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு, இடது விலாவின் கீழே கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று யோசித்தேன். ராத்தா என் மூத்த சகோதரி, உம்மா போன பிறகு என்னைத் திட்டும் உரிமையைத் தனியாக எடுத்துக்கொண்டவர்.

"கோழி அடைகாக்குற மாதிரி ஏன்டா கையை வச்சிக்கிட்டு இரிக்கிறா? கைய எடு" என்பார். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து, "வலிக்குதா?" என்று கேட்பார்.

திங்கள் அதிகாலையில் அவரும் என்னோடு புறப்பட்டார். தானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

"ஒனக்கென்ன ராத்தா? ஸ்கேன் எனக்குத்தானே?"

"திங்கக் கெழம சுன்னத்து நோன்பு. ஒனக்காக ஒண்ணும் இல்ல" என்றார்.

சிலாபத்தில் பஸ் நின்றதும் இறால் வடைக்காரர் ஏறினார். ராத்தா என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார்.

இந்தத் தடவை திரையில் புகை இல்லை. டொக்டர் கருவியை வைத்து, "மூச்சைப் பிடியுங்கோ" என்றார். மூச்சோடு சிறுநீரகமும் மேலும் கீழும் அசையுமாம். அசையாமல் நின்றால்தான் அந்த மெல்லிய குழாயைப் பிடிக்க முடியும். பிடித்தேன். அவர் தேடினார், அளந்தார், பொத்தான்களைத் தட்டினார். நான் பாட்டுக்குப் படுத்திருந்தேன்.

"விடுங்கோ" என்றார். இன்னும் ஓர் அட்டை பொறுக்க நேரம் இருப்பது போல எனக்குத் தோன்றியது.

"விடுங்கோ எண்டு சொல்றன்! ஐயோ, தம்பி, உயிரோட இருக்கிறியளோ?"

மூச்சை விட்டேன். "பழக்கம், டொக்டர். அட்டை குளிக்கிறது."

"மற்ற ஆக்கள் நான் சொல்லி முடிக்க முதல் விட்டுப்போடுவினம். உங்களைப்போல நாலு பேர் வந்தால் நான் மத்தியானமே வீட்ட போயிடுவன்."

பிறகு சத்தத்தைத் திறந்துவிட்டார். வலது பக்கத்துக் குழாயில் இரத்தம் 'துப், துப்' என்று சீராக ஓடியது. இடது பக்கத்தில், கதவிடுக்கில் வாடைக்காற்று நுழைவது போன்ற ஒரு சீறல்.

"தோட்டத்துக்குத் தண்ணி அடிக்கேக்க, குழாய் வாயைப் பெருவிரலால அமத்தினால் என்ன நடக்கும்?"

"பீச்சி அடிக்கும்."

"அதுதான் இது. ஒடுங்கின இடத்தில வேகம் கூடும். அதைத் தாண்டினால் வேகம் செத்துப்போகும்."

நுரைச்சோலையில் ஒரு போகம் முழுவதும் வெங்காயத்துக்கு நான் செய்த வேலை அது. என் உடம்புக்குள் யாரோ பெருவிரலை வைத்து அமத்திக்கொண்டிருந்தார்கள்.

"சிறுநீரகம், டொக்டர்?" என்றேன்.

அவர் மறுபடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி, முனைக்கு முனை அளந்தார். இந்த முறை மூச்சைப் பிடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மற்றதைவிடக் கொஞ்சம் சின்னன். ஆனால் சுருங்கிப் போகேல்ல. உள்ளுக்கு இரத்தம் ஓடுது. உயிரோட இருக்கு, தம்பி. காப்பாத்தலாம்."

வெளியே வாங்குப் பலகையில் இருந்த ராத்தாவிடம் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு முந்தானையை எடுத்து, "அந்தச் சோடாவால நீ ஒரு கெழம முழுக்க என் உசிர வாங்கிட்டா" என்றார்.

வைத்தியம் நீண்டது. முதலில் ஸ்டீரொய்ட் (அழற்சியை அடக்கும் மருந்து). அது முகத்தை ஊதவைத்தது, பசியைக் கிளப்பியது. பாயிஸ் பார்க்க வந்து, "இப்பத்தான்டா ரெண்டு பக்கமும் மாப்பிள்ள" என்றான். அதோடு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போட வேண்டிய ஒரு குளிசை. வாரத்துக்கு ஒன்று என்றால் வாரத்துக்கு ஒன்றுதான், தினமும் போட்டால் ஆபத்து. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வெளிக்கிடும்போது போடுவேன், மறக்காது. ஸ்டீரொய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. பழைய பழக்கத்தில் அதையும் உதறிவிட்டு ஊர் மாறலாம் என்று ஒரு தடவை நினைத்தேன். ராத்தா என் பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

அழற்சி அடங்கியது இரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகுதான் சிறுநீரகத் தமனிக்குப் பலூன் வைத்தார்கள் (தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒடுங்கிய இடத்தைப் பலூனால் விரிப்பது). நான் விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். விரியும்போது விலாவில் ஓர் இறுக்கம். அவ்வளவுதான். காலை அசைக்காமல் கிடந்த நாள்தான் பெரிய வேதனை.

இடது கை அப்படியேதான் இருக்கிறது. சின்னக் கிளைகள் வழியாக அதற்கு வேண்டியது போய்ச் சேர்கிறதாம். முங்குவதை டொக்டர் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது ஆலங்குடாவில், டொல்பின் பார்க்கப் போகிற வெளிநாட்டுக்காரர்களின் போட்டை ஓட்டுகிறேன். டொல்பின் கீழே போனால் அது திரும்ப வரும் வரைக்கும் அவர்கள் தவிக்கிறார்கள். நான் தவிப்பதில்லை. கீழே இருப்பவர்களுக்கு நேரம் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் இந்த நோய் என்றால் ஒரு வேண்டுகோள். முதல் தடவை இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கை உண்மை சொல்கிறது என்று டொக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்குத் தந்த துண்டை ஊர் வாசிப்பதற்கு முன் நீங்கள் வாசியுங்கள்.

போன தடவை ஸ்கேனுக்குப் போனபோது நான் கேட்காமலே டொக்டர் சத்தத்தைத் திறந்துவிட்டார். இடது பக்கமும் 'துப், துப்' என்றது, கட்டிவைத்த போட்டின் வயிற்றில் களப்புத் தண்ணீர் தட்டுவது போல. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். விடுங்கோ என்று அவர் இரண்டு தரம் சொன்ன பிறகும் விட மனம் வரவில்லை.

பிறகு பிரஷர் பார்க்கும் வரிசை. வெறும் வயிறு எரிந்தது. ராத்தா வெளியே வாங்கிவந்த இறால் வடையை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முறை வந்தது. இடது கை தானாக மேசைக்கு ஏறியது. அதை இறக்கி, வடையை அதற்கு மாற்றி, வலது கையைக் கொடுத்தேன். பட்டி இறுகத் தொடங்கியது. வடை சுடச்சுட இடது கையில் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோனேன்.

"இடக்கையால தின்னாதடா!" என்றார் ராத்தா. "கொஞ்சம் பொறு."

தாதி சிரித்தார். நான் வடையைப் பார்த்துக்கொண்டு, என் வலது கையில் இரத்தம் அடைபட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாயும் வரை பொறுத்திருந்தேன்.